ஒரு பழைய பிரெஞ்சுப் படத்துக்காக வக்காலத்து

1959ஆம் ஆண்டு வெளிவந்த ‘லெ காத்ர் சான் கூ’ என்ற பிரெஞ்சுப் படத்தை இதுவரை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. முதல் தடவை பார்த்தபோது எனக்குப் பதினெட்டு வயது. புதுச்சேரியில் ஒரு கூடத்தில், மடக்கு நாற்காலிகளில் நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்து, 16 மி.மீ. புரொஜெக்டரில் பார்த்தோம். ரீல் மாற்றும்போது விளக்கைப் போடுவார்கள். கண்ணைத் துடைத்துக்கொள்ள அது வசதியாக இல்லை.

கடைசியாகப் பார்த்தது சென்ற மாதம், மகள் வீட்டில், பெரிய டி.வி.யில். அன்று குடும்பமே கூட உட்கார்ந்துவிட்டது. பக்கத்துத் தெரு நண்பர் ஒருவரும் வந்திருந்தார். படம் முடிந்ததும் மூன்று திசையிலிருந்தும் தாக்குதல்.

மருமகன் சொன்னார்: “கதையே இல்லையே மாமா. ஒரு பையன் ஓடுறான், ஓடுறான், கடல் வருது, படம் முடிஞ்சிடுது.”

நண்பர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். “திருட்டுப் பையனைக் கதாநாயகனாக்கி, வாத்தியாரை வில்லனாக்கிட்டான் உங்க டைரக்டர். இதைப் பார்த்தா எந்தப் பையன் சார் உருப்படுவான்?” என்றார்.

மூன்றாவது என் மனைவியின் அக்கா. அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. “பெத்த தாயை இப்படியா ஊர் பார்க்கக் காட்டுவாங்க?” என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் மருமகனிடம் வாதாடி ஜெயித்த மாமனார் உண்டா? அதனால் நிதானமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் இதை வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்துவிட்டார்கள். அதைப் பார்த்துத் தமிழிலும் ‘நானூறு அடிகள்’ என்று எழுதுகிறார்கள். படம் முழுக்க ஒரு பையன் அடி வாங்கப்போகிறான் என்று எதிர்பார்த்து உட்காருகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். இதில் அவன் வாங்கும் அறைகளை ஒரு கை விரலால் எண்ணிவிடலாம். ‘ஃபேர் லெ காத்ர் சான் கூ’ என்பது பிரெஞ்சில் ஒரு சொல்வழக்கு. ஆடாத ஆட்டமெல்லாம் ஆடுவது, ஊரைக் கலக்குவது என்று பொருள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்கள் தலைமுறைக்கு முசேமார்கள் வாயிலிருந்து கேட்டுப் பழகிய தொடர்தான். ‘இவன் பண்ணாத அட்டகாசம் இல்லை’ என்று நாம் சொல்வதில் எவ்வளவு கோபமும் எவ்வளவு செல்லமும் கலந்திருக்குமோ, அவ்வளவு அதிலும் உண்டு.

இனி கதை. படத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஆந்த்வான் துவானெல் பாரிஸில் சின்னஞ்சிறிய வீடொன்றில் தாயோடும் மாற்றாந்தந்தையோடும் இருக்கும் பையன். பதின்மூன்று, பதினான்கு வயதிருக்கும். அவனுக்குத் தனி அறை கிடையாது. வாசற்கதவை ஒட்டிய இடைகழியில் படுக்கிறான். வகுப்பில் ஒரு கவர்ச்சிப் படம் கைமாறிக் கைமாறி வருகிறது. எல்லாப் பையன்களும் பார்க்கிறார்கள். இவன் கைக்கு வரும்போது வாத்தியார் பார்த்துவிடுகிறார். மூலையில் நிற்கவைக்கிறார். தன்னை அநியாயமாகத் தண்டித்ததாக அங்கே சுவரில் பாட்டாகக் கிறுக்குகிறான். அதற்கு ஒரு தண்டனை: வகுப்புச் சுவரைப் பாழாக்குகிறேன் என்ற வாக்கியத்தை எல்லாக் காலத்திலும் எல்லா வகையிலும் விகற்பித்து எழுதி வர வேண்டும்.

இது எப்படிப்பட்ட தண்டனை என்று பிரெஞ்சில் படிக்காதவர்களுக்குப் புரியாது. நூறு தடவை ஒரே வரியை எழுதுவது கைக்குத்தான் வலி. இது மண்டைக்கும் வலி. நிகழ்காலம், இறந்தகாலம், எதிர்காலம் என்று மூன்றோடு முடிவதில்லை. இறந்தகாலமே நாலைந்து உண்டு. அப்புறம் ‘நடந்திருந்தால்’ என்பதற்கு ஒரு வரிசை, ‘நடக்க வேண்டுமே’ என்பதற்கு ஒரு வரிசை. இப்படிப்பட்ட இம்போசிசியோனை நாங்களும் மண்ணெண்ணெய் விளக்கில் எழுதியிருக்கிறோம்.

ஆந்த்வான் வீட்டுக்குப் போய் எழுத உட்காருகிறான். கடைக்குப் போகும் வேலை, மேசை போடும் வேலை, குப்பை கொட்டும் வேலை. முடிக்க முடியவில்லை. எழுதாமல் போனால் வாத்தியார் உள்ளே விடமாட்டார். அதனால் மறுநாள் நண்பன் ரெனேயோடு ஊர் சுற்றுகிறான். சுற்றும்போது தெருவில் தன் தாய் வேறொருவரை முத்தமிடுவதைப் பார்த்துவிடுகிறான். அவளும் இவனைப் பார்த்துவிடுகிறாள். அதற்கு மறுநாள் பள்ளியில், நேற்று ஏன் வரவில்லை என்று வாத்தியார் கேட்கிறார். அம்மா செத்துப்போய்விட்டாள் என்று சொல்லிவிடுகிறான்.

மருமகனுக்கு என் பதில் இதுதான். கதை இல்லை என்கிறீர்களே, கொஞ்சம் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். அந்தப் பொய் ஏன் வந்தது? முந்தின நாள் பார்த்த காட்சியால். அதைப் பார்க்க நேர்ந்தது ஏன்? பள்ளிக்குப் போகாததால். போகாதது ஏன்? தண்டனையை எழுதி முடிக்காததால். தண்டனை ஏன்? யாரோ அனுப்பிய ஒரு படத்தால். கோர்த்த மணி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. சண்டைக்காட்சி இல்லை, வில்லன் இல்லை, அவ்வளவுதான். ஒரு பையனின் வாழ்க்கை இப்படித்தான் சரிகிறது. மலையிலிருந்து விழுவது போல அல்ல, மாடிப்படியில் ஒவ்வொரு படியாகச் சறுக்குவது போல. இத்தனையும் 99 நிமிடத்துக்குள் சொல்லி முடித்துவிடுகிறார்கள். நம் படங்களில் இடைவேளைக்கே அதற்குள் வந்து சேர்ந்தால் புண்ணியம்.

அடுத்து, தலைமையாசிரியர் நண்பருக்கு.

வாத்தியாரை வில்லனாக்கவில்லை ஐயா. தாய் இறந்துவிட்டாள் என்று ஆந்த்வான் சொன்ன அந்தக் கணத்தில் அவர் முகத்தைக் கவனித்தீர்களா? அவ்வளவு நேரம் உறுமியவர் அப்படியே குழைந்து போகிறார். தெரியாமல் கேட்டுவிட்டேன் என்கிற மாதிரி பேசுகிறார். கெட்ட மனிதருக்கு அது வருமா? அவர் முன்னால் ஒரு வகுப்பு நிறையப் பையன்கள். ஒருவன் செய்யுளைப் படியெடுக்கும்போது மை கொட்டிவிடுகிறது. தாளைக் கிழிக்கிறான். அடுத்த தாளிலும் மை. மறுபடி கிழிக்கிறான். கடைசியில் நோட்டில் தாளே இல்லை. தொட்டெழுதும் பேனாவில் படித்தவர்கள் அந்தக் காட்சியில் சிரிக்காமல் இருக்க முடியாது. இத்தனை பேரையும் வைத்துக்கொண்டு மேய்க்கிற மனிதரின் எரிச்சலையும் படம் மறைக்கவில்லை.

பையனையும் உத்தமனாக்கவில்லை. அவன் பொய் சொல்கிறான், பால் புட்டி திருடுகிறான், கடைசியில் மாற்றாந்தந்தையின் அலுவலகத்திலிருந்து தட்டச்சு இயந்திரத்தையே திருடுகிறான். ஒன்றையும் ஒளிக்கவில்லை. ஆனால் ஒன்று பாருங்கள். அந்த இயந்திரத்தை அவர்களால் விற்க முடியவில்லை. பயந்துபோய், எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கப் போகிறான். எடுக்கும்போது யாரும் பிடிக்கவில்லை. திரும்ப வைக்கப்போகும்போதுதான் காவலாளி பிடிக்கிறான்.

இன்னொன்று. பல்ஸாக்கின் நாவலைப் படித்துவிட்டு அந்தப் பையன் கிறங்கிப்போகிறான். பல்ஸாக் படத்தை ஒரு மாடத்தில் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறான். நம் வீட்டுப் பையன் சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தகத்தை வைத்துக் கும்பிடுவது போலத்தான். அது திரையில் பற்றி எரிந்து வீட்டில் ரகளையாகிறது. பள்ளிக் கட்டுரையில் பல்ஸாக்கின் சாயலில் எழுதுகிறான். காப்பி அடித்தான் என்று முட்டை போட்டு வெளியே அனுப்புகிறார் வாத்தியார். தலைமையாசிரியரே, முப்பது வருட சர்வீஸில் இப்படி ஒரு பையனையாவது நீங்கள் பார்த்திருப்பீர்கள். படித்தது அப்படியே தலைக்குள் ஏறி, தன் எழுத்து எது, ஆசிரியர் எழுத்து எது என்று தெரியாமல் போனவனை. அவனைத் திருடன் என்பதா, வாசகன் என்பதா? படம் அந்தக் கேள்வியை மட்டும் நம் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுகிறது.

மூன்றாவது கேள்விதான் கடினம். பெற்ற தாயை இப்படிக் காட்டலாமா?

இந்தக் கேள்வி புதிதல்ல. இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவின் பெற்றோரே இந்தப் படத்தால் மனம் புண்பட்டார்கள். ஏனென்றால் கதையில் பெரும்பகுதி அவருடைய சொந்தக் கதை. த்ரூஃபோ 1932இல், தாய்க்கு மணமாவதற்கு முன்பே பிறந்தவர். பிறகு தாயை மணந்தவர் தன் குடும்பப் பெயரைப் பிள்ளைக்குக் கொடுத்தார். பிள்ளை சிறுவயதில் பாட்டியிடம் வளர்ந்தது. தட்டச்சு இயந்திரத் திருட்டும் நிஜம், தந்தையே போலீஸில் ஒப்படைத்ததும் நிஜம். வில்ழுயிஃபில் இருந்த சிறுவர் இல்லத்தில் அடைபட்ட அந்தப் பையனுக்குக் கைகொடுத்தவர் ஆந்த்ரே பஸான் என்ற திரைப்பட விமர்சகர். 1958 நவம்பரில் இந்தப் படத்தின் படப்பிடிப்பு தொடங்கிய வேளையில் பஸான் நாற்பது வயதில் காலமானார். படம் அவருக்குத்தான் காணிக்கை. 1959இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் பரிசு இதற்குக் கிடைத்தது. அப்போது த்ரூஃபோவுக்கு 27 வயது. பெயரும் புகழும் வந்தன. ஊரெல்லாம் அந்தப் பெற்றோரைப் பற்றிப் பேசியது. அவர்களுக்கு வலித்திருக்கும், அதில் சந்தேகமில்லை.

ஆனாலும் அந்தத் தாயைப் படம் எப்படிக் காட்டுகிறது என்று இன்னொரு முறை பார்க்கச் சொல்வேன். ஓர் இரவு வீட்டுக்கு வராமல் இருந்த பையனை அவள் குளிப்பாட்டி, தன் கட்டிலிலேயே படுக்கவைத்துப் பேசுகிறாள். தானும் உன் வயதில் அடங்காதவளாகத்தான் இருந்தேன், எனக்கும் ரகசியங்கள் உண்டு என்கிறாள். பிறகு, கட்டுரையில் முதல் ஐந்து பேருக்குள் வந்தால் ஆயிரம் பிராங்க் தருகிறேன் என்று பேரம் பேசுகிறாள். தெருவில் பார்த்ததை வெளியே சொல்லிவிடுவானோ என்ற பயம் அதில் பாதி. மீதிப் பாதி பாசம். எது எவ்வளவு என்று அவளுக்கே தெரியாது. நெருப்புப் பிடித்த அன்று கணவன் குதிக்கும்போது, சினிமாவுக்குப் போகலாம் என்று சொல்லிப் பையனைக் காப்பாற்றுகிறவளும் அவள்தான். மூவரும் சினிமா பார்த்துவிட்டுக் காரில் சிரித்துக்கொண்டே திரும்புகிறார்கள். அந்தக் குடும்பம் படத்தில் மனம்விட்டுச் சிரிப்பது அந்த ஒரு ராத்திரிதான்.

இது தாயை இழிவுபடுத்துவது அல்ல என்பது என் கட்சி. மிக இளம் வயதில், விரும்பாத நேரத்தில் தாயாக நேர்ந்த ஒரு பெண். அவளும் ஒரு மூலையில் நிற்கவைக்கப்பட்டவள்தான். அவள்மேல் பையனுக்கு இருக்கும் கோபத்தைப் படம் காட்டுகிறது. அவளிடம் ஒரு நல்ல வார்த்தைக்கு அவன் ஏங்குவதையும் காட்டுகிறது.

த்ரூஃபோவும் அதோடு விட்டுவிடவில்லை. அதே நடிகர் ழான்-பியேர் லியோவை வைத்து ஆந்த்வானின் கதையை இருபது ஆண்டுகள் தொடர்ந்து எடுத்தார். அவருடைய தாய் 1968இல் காலமானார். 1979இல் வந்த கடைசிப் படமான ‘லாமூர் ஆன் ஃபுயித்’தில், அன்று தெருவில் பார்த்த அந்த மனிதர், தலை நரைத்தவராக ஆந்த்வானைச் சந்திக்கிறார். அவனைத் தாயின் கல்லறைக்கு அழைத்துப் போகிறார். உன் அம்மா உன்னை நேசித்தாள், அதைக் காட்டத்தான் அவளுக்குத் தெரியவில்லை என்ற பொருளில் பேசுகிறார். மனைவியின் அக்காவுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும்: பிள்ளை கோபத்தில் சொன்ன வார்த்தையை மட்டும் கேட்டீர்கள். இருபது வருடம் கழித்து அதே பிள்ளை சொன்னதையும் கேளுங்கள்.

வக்காலத்து முடிந்தது. ஆனால் இந்தப் படம் என்னை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டது என்பதற்கு வேறொரு காரணம் உண்டு. அது அலுவலகம் சம்பந்தப்பட்டது.

நான் குமாஸ்தா. என் சர்வீஸில் சில ஆண்டுகள், 1986ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் வந்த புதிதில், சிறுவர்கள் சம்பந்தப்பட்ட கோப்புகள் என் மேசைக்கு வந்தன. ஆந்த்வானை அனுப்பும் இடத்துக்கு பிரெஞ்சில் ‘சாந்த்ர் தொப்செர்வாசியோன்’ என்று பெயர். நம் அரசுத் தமிழில் அதற்கு அச்சாக அதே பொருளில் ‘கூர்நோக்கு இல்லம்’ என்கிறோம். இரண்டு மொழியிலும் கூர்ந்து நோக்குவதாகத்தான் பெயர்.

கோப்பில் பெயர், வயது, தகப்பன் பெயர், குற்றம், நடத்தை என்று கட்டங்கள் உண்டு. எல்லாம் சரியாகத்தான் நிரப்பியிருக்கும். ஒரு கோப்பு நினைவிருக்கிறது. பதின்மூன்று வயதுப் பையன். சைக்கிள் டைனமோ திருடினான். தாய் தகப்பன் இல்லை, பாட்டி வளர்த்த பிள்ளை. அந்தப் பாட்டி செவ்வாய்க்கிழமை தோறும் எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிடுவாள். பையன் இருப்பது இங்கே இல்லை, அங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவளுக்கு விளங்காது. அரசாங்கம் என்றால் எல்லாம் ஒரே கட்டடம் என்று நினைப்பு. தூக்குச்சட்டியில் பொரிவிளங்காய் உருண்டை கொண்டுவருவாள். “ஐயா, அவன் ராத்திரியில பசி தாங்கமாட்டான்யா” என்பாள். எங்கள் பியூன் தன் சைக்கிளில் போய் அதைக் கொடுத்துவிட்டு வருவார்.

கோப்பில் இது எங்கும் இல்லை. இதற்குக் கட்டம் கிடையாது. கோப்பின்படி அவன் ‘ஆதரவற்றவன்’.

படத்தில் போலீஸ்காரர் ஆந்த்வானின் வாக்குமூலத்தை ஒரு தட்டச்சு இயந்திரத்தில் அடிக்கிறார். பையன் கையெழுத்துப் போடுகிறான். இயந்திரத்தைத் திருடியவனின் கதையை இன்னொரு இயந்திரம் இரண்டு வரியில் முடித்துவிடுகிறது. அந்த இரண்டு வரியில் தப்பே இல்லை. பிறகு ராத்திரியில் போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். கம்பிகளுக்குப் பின்னால் அவன் முகம். வெளியே பாரிஸின் விளக்குகள். கன்னத்தில் கண்ணீர். யாரும் ஒன்றும் பேசுவதில்லை. அந்த முகத்தைத்தான் எந்த வாக்குமூலத்திலும் அடிக்க முடியாது.

இல்லத்தில் உளவியலாளர் ஒருவர் அவனிடம் கேள்வி கேட்கிறார். அவர் குரல் மட்டும்தான் வருகிறது. கேமரா பையனை விட்டு நகர்வதில்லை. இந்தக் காட்சிக்கு எழுதிய வசனம் கிடையாது. பதினான்கு வயது லியோ தன் போக்கில் பேசினான். நகத்தைப் பார்த்துக்கொண்டு, மேசையைத் தடவிக்கொண்டு, நடுவில் சிரித்துக்கொண்டு, தன் பிறப்பையே தாய் விரும்பவில்லை, பாட்டியால்தான் பிழைத்தேன் என்று சொல்கிறான். படம் முழுவதிலும் ஒரு பெரியவர் அவனிடம் கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை காத்திருப்பது இங்கேதான். அந்த அளவு காது கொடுத்துக் கேட்பதற்கே அவன் திருடிப் பிடிபட வேண்டியிருந்தது.

ரெனே நண்பனைப் பார்க்க அவ்வளவு தூரம் சைக்கிளில் வருகிறான். உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறான். அங்கே ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தத் தூக்குச்சட்டி ஞாபகம் வரும்.

மருமகன் சொன்ன அந்தக் கடைசி ஓட்டத்துக்கு வருகிறேன். பந்து விளையாடும்போது ஆந்த்வான் வேலிக்கு அடியில் நுழைந்து ஓடுகிறான். பாரிஸில் வளர்ந்த அந்தப் பையனுக்குக் கடலைப் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. காலையும் மாலையும் கடற்கரையில் நடந்து வளர்ந்த நமக்கு அது ஓர் ஆசையா என்று தோன்றும். அவனுக்கு அது பெரிய ஆசை. கடலுக்கு வந்து, தண்ணீரில் காலை வைத்துவிட்டு, திரும்பி நம்மைப் பார்க்கிறான். அந்த முகம் அப்படியே உறைந்து நிற்கிறது. படம் முடிந்தது.

அப்புறம் என்ன ஆனான் என்று கேட்கிறார்கள். திருந்தினான் என்று காட்டியிருந்தால் இல்லம் நல்லது செய்தது என்று நிம்மதியாக எழுந்து போவோம். கெட்டுப்போனான் என்று காட்டியிருந்தால், அப்போதே தெரியும் என்று சொல்லிவிட்டு எழுந்து போவோம். இரண்டிலும் கோப்பை மூடிவிடலாம். த்ரூஃபோ மூடவிடவில்லை.

டைனமோ திருடிய பையனை ஏழெட்டு மாதத்தில் விட்டுவிட்டார்கள். உத்தரவை டைப் அடித்தது நான்தான். கோப்பு பதிவறைக்குப் போயிற்று. பாட்டி செவ்வாய்க்கிழமைகளில் வருவது நின்றது. இன்று அவனுக்கு ஐம்பது வயது இருக்கும். அவனுக்கே பேரப்பிள்ளை பிறந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

பார்க்காதவர்கள் இந்தப் படத்தை ஒரு தடவை பாருங்கள். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் பாதகமில்லை, முகம் புரியும். முடிந்தால் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பேரனையோ பேத்தியையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். முடிந்ததும் நீதி எதுவும் சொல்ல வேண்டாம். ஸ்கூலில் இன்றைக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அது பதில் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருங்கள். நம் வயதில் அதுதான் கொஞ்சம் கஷ்டம்.